ரெவிட்டில் ஹால் ரெண்டர் இருட்டாகவும் புள்ளி புள்ளியாகவும் வருகிறது, உதவி தேவை

ஓட்டுவீடு:
வணக்கம். கோவையில் இரண்டே பேர் இருக்கும் சின்ன ஆபீஸ் எங்களுடையது. 1,450 சதுர அடி வீடு ஒன்றை ரெவிட்டில் (கட்டடத்தை முப்பரிமாணத்தில் மாடல் செய்யும் மென்பொருள்) முழுதாக மாடல் செய்து, பிளான், செக்‌ஷன் (குறுக்குவெட்டுப் படம்) எல்லாம் அதிலிருந்தே எடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வீட்டுக்காரர் அவர் அம்மாவோடு வருகிறார். அந்த அம்மாவுக்கு பிளான் பார்த்தால் புரியாது. ஹாலும் பூஜை மூலையும் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்கிறார். அதனால் ரெவிட்டிலேயே ரெண்டர், அதாவது போட்டோ மாதிரி படம், எடுத்துக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று நாள் போய்விட்டது.

ஹாலில் 9 டவுன்லைட் (சீலிங்கில் பதிக்கும் விளக்கு) வைத்திருக்கிறேன். இருந்தும் படம் அந்தி நேரம் போல இருட்டு. சுவரெல்லாம் மணல் தூவிய மாதிரி புள்ளி. ஏ3 அளவு, 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்), குவாலிட்டி ஹை. ராத்திரி போட்டுவிட்டுப் போனால் காலையிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு இருந்தும் இப்படி.

தரைக்கு ஆத்தங்குடி கல் கேட்டிருக்கிறார்கள். ஒரு பூ இரண்டடி அகலத்துக்கு விரிந்து, கண்ணாடி மாதிரி மின்னுகிறது. அப்புறம், காம்பவுண்ட் சுவரின் கலரை மாற்றினால் ஹால் சுவரும் கூடவே மாறுகிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

மூன்றாம்மாடி:
ட்வின்மோஷன், என்ஸ்கேப் மாதிரி தனி ரெண்டர் மென்பொருளுக்குப் போய்விடுங்கள். உங்கள் கிராபிக்ஸ் கார்டுக்கு அங்கேதான் வேலை இருக்கிறது. ரெவிட்டின் சொந்த ரெண்டர் முழுக்க ப்ராசஸரில் ஓடுவது, கார்டைத் தொடாது.

சாரக்கட்டு:
கார்டு பற்றி மேலே சொன்னது சரிதான். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டாம், தம்பி. மெட்டீரியலும் விளக்கும் மாடலிலேயே தப்பாக இருந்தால் எங்கே கொண்டுபோனாலும் அந்தத் தப்பும் கூடவே வரும்.

முதலில் ரெண்டர் பெட்டியில் லைட்டிங் ஸ்கீம் என்னவென்று பாருங்கள். 'எக்ஸ்டீரியர்: சன் ஒன்லி' என்று இருந்தால் உங்கள் 9 விளக்கும் எரியவே இல்லை. 'இன்டீரியர்: சன் அண்ட் ஆர்ட்டிஃபிஷியல்' என்று மாற்றுங்கள்.

அதன்பிறகும் இருட்டாக இருந்தால், ஒரு டவுன்லைட்டின் நடுவே செக்‌ஷன் வெட்டிப் பாருங்கள். விளக்கு சீலிங்குக்குக் கீழே இருக்கிறதா, உள்ளே புதைந்திருக்கிறதா? பிளானில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

300 டிபிஐயில் ஏ3 என்றால் 4,961 × 3,508 பிக்சல், அதாவது 1.74 கோடி புள்ளிகள். 150 டிபிஐ வைத்தால் அதில் கால் பங்குதான். சோதனைக்கு அதுவும் வேண்டாம்: 'ரீஜன்' டிக் செய்து, பூஜை மூலையை மட்டும் சின்னக் கட்டத்துக்குள் எடுத்து, டிராஃப்டில் ஓட விடுங்கள். வெளிச்சம் சரியா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

கலர் பிரச்சினை எல்லோருக்கும் ஒருமுறையாவது வருவது. மெட்டீரியலை வெறும் டூப்ளிகேட் செய்தால் பெயர்தான் இரண்டாகும், அப்பியரன்ஸ் அசெட் (கலர், பளபளப்பு எல்லாம் இருக்கும் பகுதி) ஒன்றாகவே இருக்கும். அப்பியரன்ஸ் டேபில் கை மாதிரி ஒரு ஐகானும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். அந்த அசெட்டை எத்தனை மெட்டீரியல் பகிர்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. அங்கேயே அசெட்டையும் டூப்ளிகேட் செய்துவிட்டுக் கலரை மாற்றுங்கள்.

ஆத்தங்குடி கல் 8 அங்குலம்தானே? தரை மெட்டீரியலுக்கு நீங்கள் போட்ட படக் கோப்பில் எத்தனை கல் இருக்கிறது?

ஓட்டுவீடு:
ரொம்ப நன்றி அண்ணா. செக்‌ஷன் வெட்டினதும் விஷயம் தெரிந்துவிட்டது. ஏசி பைப்புக்காக ஃபால்ஸ் சீலிங்கை 150 மி.மீ. கீழே இறக்கியிருந்தேன். விளக்குகள் சீலிங்கோடு இல்லாமல் தளத்தின் லெவலோடு கட்டியவை, பழைய உயரத்திலேயே நின்றுவிட்டன. ஒன்பதும் ஜிப்சம் போர்டுக்கு மேலே பெட்டிக்குள் புதைந்து கிடந்திருக்கின்றன! ஸ்கீமும் நீங்கள் சொன்ன மாதிரி எக்ஸ்டீரியர்தான்.

கல் 8 அங்குலம்தான். படத்தில் இரண்டுக்கு இரண்டு, மொத்தம் நாலு கல். சாம்பிள் சைஸ் (அந்தப் படம் தரையில் விரியும் அகலம்) 1,200 மி.மீ. என்று இருக்கிறது.

சாரக்கட்டு:
அப்படியானால் 16 அங்குலம், சுமார் 406 மி.மீ. அதைப் போடுங்கள், பூ சரியான அளவுக்கு வந்துவிடும். பளபளப்பையும் நன்றாகக் குறையுங்கள். ஆத்தங்குடி கல் துடைக்கத் துடைக்க மெருகு ஏறுவது, அதற்காகக் கண்ணாடி ஆகாது. ஜன்னல் வெளிச்சம் தரையில் மங்கலாகப் படர்ந்தால் போதும், அந்த அம்மா உடனே அடையாளம் கண்டுகொள்வார்.

இன்னொன்று. ரெண்டர் முடிந்தபிறகு இருட்டாகத் தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து ஓட்டாதீர்கள். 'அட்ஜஸ்ட் எக்ஸ்போஷரில்' எண்ணைக் குறைத்து அப்ளை கொடுத்தால் அதே படம் வெளுக்கும். வேறு அறைகளின் விளக்குகளை 'ஆர்ட்டிஃபிஷியல் லைட்ஸ்' பட்டியலில் அணைத்துவிடுங்கள், நேரம் மிச்சம்.

மூன்றாம்மாடி:
விளக்கு புதைந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த மாடலை ட்வின்மோஷனுக்குக் கொண்டுபோயிருந்தால் அங்கேயும் இதையேதான் தேடிக்கொண்டிருந்திருப்பார். என் பழைய ஃபைல்களையும் ஒருமுறை வெட்டிப் பார்க்க வேண்டும்.

ஓட்டுவீடு (வெள்ளி மாலை):
150 டிபிஐ, மீடியம், ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. புள்ளி கொஞ்சம் மூலைகளில் மட்டும்தான். அந்த அம்மா படத்தைக் கையில் வாங்கி, தரையை விரலால் தடவிப் பார்த்தார். பூஜை மூலைக்கு நேரே ஜன்னல் வேண்டாம், காற்றில் விளக்கு அணைந்துவிடும் என்றார். அவர்கள் காபி குடிக்கும்போதே ஜன்னலை இரண்டடி நகர்த்தினேன். பிளானும் எலிவேஷனும் கூடவே மாறிவிட்டன, அந்த மூலையை மட்டும் ரீஜனில் எடுத்துக் காட்டினேன். சரி என்று சொல்லிவிட்டார்கள்.

இனி ராத்திரிக் காட்சி ஒன்று கேட்டிருக்கிறார்கள். டவுன்லைட்டுக்கு ஐஇஎஸ் ஃபைல் (விளக்கின் வெளிச்சம் எப்படிப் பரவும் என்று சொல்லும் கோப்பு) போடுவது பற்றித் தனியாகக் கேட்கிறேன் அண்ணா.