படத்தில் எத்தனை கல்?

கவின்: (படம்)

கவின்: இந்தப் படத்தில் எத்தனை கல் இருக்கிறது? சரியாகச் சொல்பவர் ஒரு வாரத்துக்குக் குழுவின் படத்தை இஷ்டம்போல் மாற்றிக்கொள்ளலாம்.

பெரியப்பா: இரண்டு. நடுவில் பெரியது. அதன் பின்னால் குட்டி ஒன்று எட்டிப் பார்க்கிறது.

அத்தை: இரண்டு. இதற்கெல்லாம் ஒரு போட்டியா?

சித்தி: மூன்று

அத்தை: கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாரம்மா.

சித்தி: அம்மா இல்லை அத்தை, மலர். அண்ணா கேட்டால் கண்ணுக்குத் தெரிவது விடையாக இருக்காது. அதான் ஒன்று கூட்டிச் சொன்னேன்.

கவின்: சே. மூன்றுதான்.

பெரியப்பா: எங்கேடா மூன்றாவது?

கவின்: குட்டிக்குப் பின்னால். பெரியதன் பெயர் டின்கினேஷ், முக்கால் கிலோமீட்டர் அளவுள்ள சிறுகோள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே இருக்கும் பட்டையில், சூரியன் பக்கத்து உள்விளிம்பில் சுற்றுகிறது. 2023 நவம்பர் 1 அன்று லூசி விண்கலம் 430 கிலோமீட்டர் தொலைவில் அதைக் கடந்தது. அப்போது எடுத்த படம் இது. கல் ஒன்றுதான் என்று நினைத்துப் போனவர்களுக்கு நிலாவும் கிடைத்தது.

பெரியப்பா: அது இரண்டு. கணக்கு இன்னும் வரவில்லை.

கவின்: இருங்கள். (படம்)

கவின்: இது ஆறு நிமிடம் கழித்து எடுத்தது. கலம் விநாடிக்கு 4.5 கிலோமீட்டர் வேகத்தில் போனதால் அதற்குள் பார்க்கும் கோணமே மாறிவிட்டது. இப்போது குட்டியைப் பாருங்கள்.

அத்தை: அட, இரண்டு உருண்டைகள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன!

கவின்: ஒவ்வொன்றும் 200 மீட்டருக்குச் சற்று மேல். முதல் படத்தில் ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு நின்றது. ஒட்டிய இரட்டைக் கல் இன்னொரு சிறுகோளைச் சுற்றுவதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

பெரியப்பா: அந்தக் குட்டி எங்கிருந்து வந்தது?

கவின்: பெரும்பாலும் தாய்க்கல்லில் இருந்தே. வெயிலில் சூடான கல் அந்த வெப்பத்தை வெளியே விடும்போது மிக மெல்லிய தள்ளு ஒன்று கிடைக்கும். பல லட்சம் ஆண்டு அப்படித் தள்ளினால் சுழற்சி வேகம் கூடும், கல்லும் மண்ணும் சிதறும், சிதறியது சேர்ந்து நிலாவாகும். ஆனால் ஏறக்குறைய ஒரே அளவில் இரண்டு ஏன் என்று இன்னும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

பெரியப்பா: வெயில் போய்க் கல்லைச் சுழற்றுகிறதா! சரி, நீ சொன்னால் நம்புகிறேன்.

அத்தை: லூசி என்றால் எத்தியோப்பியாவில் 1974இல் கிடைத்த, மனிதனின் ஆதி மூதாதை இனத்து எலும்புக்கூடுதானே?

கவின்: அதே அத்தை. கலத்துக்கு அந்தப் பெயர்தான். டின்கினேஷ் என்பது அதே லூசிக்கு அம்ஹாரிக் மொழியில் உள்ள பெயர், ‘நீ அற்புதமானவள்’ என்று பொருள். நிலாவின் பெயர் செலாம், ‘அமைதி’. அதுவும் அங்கே கிடைத்த ஒரு குழந்தைப் புதைபடிவத்தின் பெயர். ‘லூசியின் குழந்தை’ என்று செல்லமாகச் சொன்னாலும், லூசியை விட ஒரு லட்சம் ஆண்டு மூத்தது.

அத்தை: அம்மாவை விட மூத்த குழந்தை. நம் வீட்டு மலர் மாதிரி.

பெரியப்பா: இதைப் பார்க்கத்தான் கலத்தை அனுப்பினார்களா?

கவின்: இல்லை பெரியப்பா, போக வேண்டிய இடம் வியாழனின் பாதையில் இருக்கும் சிறுகோள்கள். அவ்வளவு வேகத்தில் கடக்கும்போது கேமரா இலக்கை விடாமல் தானே திரும்பிப் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. அந்த ஒத்திகைக்கு வழியில் அகப்பட்டதுதான் இது.

பெரியப்பா: ஒத்திகையிலேயே மூன்று! ஆனால் ஊகித்துச் சொன்னவளுக்குப் பரிசு கொடுப்பது நியாயமே இல்லை.

சித்தி இந்தக் குழுவின் படத்தை மாற்றினார்

அத்தை: மலர், என் தூங்குகிற படத்தை உடனே எடு.