கேப்டன் குக் நினைவுத்தூண், ஹவாய்: முழங்கால் வலி உள்ளவரை அழைத்துச் செல்ல முடியுமா?

நெய்தல்வாசி கேட்டது:

வணக்கம். அடுத்த மாதம் குடும்பத்துடன் ஹவாயின் பெரிய தீவுக்குச் செல்கிறோம். வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற என் தந்தைக்கு, 1779 பிப்ரவரி 14 அன்று பிரிட்டனின் கடற்பயணி கேப்டன் ஜேம்ஸ் குக் கொல்லப்பட்ட கேயாலாகேகுவா விரிகுடாவையும் அங்குள்ள வெண்ணிற நினைவுத்தூணையும் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. முழங்கால் வலியால் அவரால் அதிகம் ஏறி இறங்க இயலாது. தூண் வரை வண்டி போகுமா? போகாதெனில் வேறு வழி உண்டா? சென்றுவந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

மலைச்சரிவு எழுதியது:

வண்டி போகாது. 11ஆம் எண் நெடுஞ்சாலையிலிருந்து நாபோஓபோஓ சாலை பிரிந்த சற்றுத் தொலைவிலேயே தூண் நிற்கும் காஅவலோவா கரைக்கு இறங்கும் நடைபாதை தொடங்குகிறது. ஒரு வழிக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர், சுமார் 400 மீட்டர் இறக்கம். இறங்குவது பெரிய சிரமமில்லை. ஆனால் திரும்பும்போது, நிழலே இல்லாத கரிய எரிமலைப் பாறையில், தலைக்கு மேலிருந்தும் காலுக்குக் கீழிருந்தும் சூடு தாக்க, அவ்வளவு உயரமும் ஏறியாக வேண்டும். வழியில் குடிநீரும் கிடையாது, கழிப்பறையும் கிடையாது. தந்தையாரை அவ்வழியில் அழைத்துச் செல்ல வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

கேயாவுஹோவு துறையிலிருந்து புறப்படும் சுற்றுலாப் படகுகள் தூணுக்கு எதிரே வந்து நிற்கும். 1969 முதல் இவ்விரிகுடா பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி என்பதால் பயணிகளைக் கரையில் இறக்க மாட்டார்கள். இருந்தாலும் படகில் அமர்ந்தபடியே தூணை நன்றாகப் பார்க்கலாம். துடுப்புப் படகில் சென்று கரையேற வேண்டுமானால், அனுமதி பெற்ற நிறுவனத்தின் வழியாகவே செல்ல வேண்டும்.

அலைகடல் எழுதியது:

படகுப் பயணம் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் வழி இருக்கிறது, ஐயா. விரிகுடாவின் தென்கரையிலுள்ள நாபோஓபோஓ வரை வண்டி செல்லும். அங்கிருந்து பார்த்தால், நீருக்கு அப்பால், தூண் சிறிய வெள்ளைக் கோடாகத் தெரியும். என்னைக் கேட்டால், வரலாறு படித்தவர் முதலில் நிற்க வேண்டிய இடம் இக்கரைதான். சாந்து பூசாமல் எரிமலைக் கற்களை அடுக்கிக் கட்டிய ஹிகியாவு என்னும் வழிபாட்டு மேடை இங்குதான் இருக்கிறது. 1779 ஜனவரியில், லோனோ தெய்வத்துக்குரிய மகாஹிகி விழாக் காலத்தில் வந்திறங்கிய குக்கை இங்கு அழைத்துவந்து சடங்குகளுடன் வரவேற்றார்கள். அம்மாதம் 28ஆம் நாள், இறந்துபோன மாலுமி வில்லியம் வாட்மனுக்கு இதே மேடையில் கிறித்தவ முறைப்படி இறுதிச்சடங்கு நடந்தது. இன்றும் புனிதமாகப் போற்றப்படும் இடம் என்பதால் கற்களின் மீது ஏறக் கூடாது.

அவ்வளவு மரியாதை பெற்றவர் ஒரு மாதத்துக்குள் எதிர்க்கரையில் மடிந்தது எப்படி என்பதைத் தந்தையார் அங்கிருந்தே கண்ணால் அளந்து பார்க்கலாம். விருந்தோம்பல் முடிந்து விடைபெற்றுச் சென்ற குக்கின் ரெசல்யூஷன் கப்பலின் முன்பாய்மரம் புயலில் பழுதானதால் அவர்கள் பிப்ரவரி 11 அன்று திரும்பிவந்தார்கள். விழாக் காலம் முடிந்துவிட்டிருந்தது. பழைய வரவேற்பு இல்லை. உடன்வந்த டிஸ்கவரி கப்பலின் படகு ஒன்று இரவோடிரவாகத் திருடப்பட, அதை மீட்பதற்காக அரசர் கலானிஓபுஉவைப் பிணையாகப் பிடித்துவர குக் ஆயுதம் தாங்கிய வீரர்களுடன் காஅவலோவாவில் இறங்கினார். கூடிய மக்கள் தங்கள் அரசரை விட்டுக்கொடுக்கவில்லை. குக்குடன் அவருடைய வீரர்கள் நால்வரும், ஹவாய் மக்கள் பலரும் உயிரிழந்தார்கள். தூணின் கல்வெட்டில் அம்மக்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

மலைச்சரிவு மீண்டும் எழுதியது:

அலைகடல் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தூண் 1874இல் குக்கின் நாட்டவர் எழுப்பியது, உயரம் சுமார் 8 மீட்டர். அது நிற்கும் சிறு நிலத்தை 1877இல் ஹவாய் இளவரசி லிகெலிகெயும் அவருடைய கணவரும் பிரிட்டனுக்கு எழுதிக்கொடுத்தார்கள். தூணுக்கும் ஹிகியாவுக்கும் இடையே செங்குத்தாக எழும் பாறைச் சுவரையும் தந்தையாருக்குக் காட்டுங்கள். அதன் குகைகளில் ஹவாய்த் தலைவர்களின் எலும்புகள் வைக்கப்பட்டதால் அதுவும் புனித இடமே. படகில் செல்வதானால் காலைப் பயணத்தையே பதிவு செய்யுங்கள். பிற்பகலில் காற்று எழுந்தால் படகு ஆடும், அது முழங்காலுக்கு நல்லதல்ல.