ஹோண்டா சிட்டி 1.5 விடெக் டர்போ: இன்டர்கூலர் பைப் எந்த வழி, 2 இன்ச்சா 2.5 இன்ச்சா?

கொங்குவிடெக்:

வண்டி 2001 சிட்டி 1.5 ஓஎச்சி விடெக். எஞ்சின் உள்ளே எல்லாம் கம்பெனி ஸ்டாக். டிடி04 டர்போ, காஸ்ட் மேனிஃபோல்ட், வேஸ்ட்கேட் (பூஸ்டை, அதாவது டர்போ ஏற்றும் கூடுதல் அழுத்தத்தை, அளவோடு நிறுத்தும் வால்வு) ஸ்பிரிங் 0.5 பார். ஸ்டாண்ட்அலோன் ஈசியு (கம்பெனியுடையதற்குப் பதில் தனி எஞ்சின் கம்ப்யூட்டர்), மேப் சென்சாரை (மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளப்பது) வைத்து ட்யூன். ஏர் ஃப்ளோ மீட்டர் கிடையாது. இன்டர்கூலர் (டர்போவிலிருந்து வரும் சூடான காற்றை ஆற்றுவது) கோர் 450 × 180 × 65 மி.மீ, இரண்டு வாயும் 2.5 இன்ச். ஏசி கழற்ற மாட்டேன். டிராக்கில் மட்டும்தான் ஓடும்.

இந்த எஞ்சினில் எக்ஸாஸ்ட் ரேடியேட்டர் பக்கம், இன்டேக் ஃபயர்வால் பக்கம். அதனால் டர்போ முன்னால், த்ராட்டில் பாடி பின்னால். நடுவில் பைப் சுற்றி வர வேண்டும். பட்டறையில் 2.5 இன்ச் எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) சைலன்சர் பைப்பை மெஷினில் வளைத்து முழுக்க ஓட்டிவிடலாம் என்கிறார்கள். வளைவு வராத இடத்தில் பைப்பை 45 டிகிரியில் அறுத்து ஒட்டிக்கொள்ளலாமாம்.

1. சைஸ் எது?
2. எந்த வழியாகக் கொண்டு போவது?
3. எம்எஸ் பைப் போதுமா?

கணக்குப்பிள்ளை:

சைஸைக் கணக்காகவே பார்த்துவிடலாம்.

1.5 லிட்டர், 7000 ஆர்பிஎம், வால்யூமெட்ரிக் எஃபிஷியன்சி (சிலிண்டர் காற்றால் நிரம்பும் அளவு) 90 சதவீதம் என்று வைத்தால் மேனிஃபோல்டுக்குள் நிமிடத்துக்குச் சுமார் 4,700 லிட்டர் போகிறது. 0.5 பார் பூஸ்ட், இன்டர்கூலர் தாண்டி 50 டிகிரி என்றால் எடையில் நொடிக்கு ஏறத்தாழ 0.13 கிலோ காற்று. 2 இன்ச் பைப், 1.5 மி.மீ தடிமன், உள்விட்டம் 48 மி.மீ. கூல் பக்கம் (இன்டர்கூலருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே) வேகம் நொடிக்கு 44 மீட்டர்தான் வரும். ஹாட் பக்கம் (டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் நடுவே): வெளியே 35 டிகிரி, கம்ப்ரசர் எஃபிஷியன்சி 70 சதவீதம் என்றால் டர்போவை விட்டு வரும் காற்று 90 டிகிரியைத் தொடும், வேகம் 49 மீட்டர். நொடிக்கு 130 மீட்டரைத் தாண்டினால்தான் பைப்பில் நஷ்டம் மளமளவென்று ஏறும். நீங்கள் அதில் பாதிக்கும் கீழே இருக்கிறீர்கள்.

நல்ல மேண்ட்ரல் பெண்ட் (உள்ளே தாங்கல் கொடுத்து நசுங்காமல் வளைத்த வளைவு) ஒன்றில் இந்த வேகத்துக்கு இழப்பு 0.004 பார் அளவு. ஆறு வளைவு வந்தாலும் 0.026. 2.5 இன்ச் போட்டால் அது 0.01 ஆகும். மிச்சம் 0.016 பார், ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் பட்டறைக்காரர் சொல்கிற 45 டிகிரி அறுத்து ஒட்டும் மூலை இருக்கிறதே, அது ஒன்றே 0.02 பார் தின்னும். நாலைந்து நல்ல வளைவுக்குச் சமம். விட்டத்தைப் பற்றிப் பேசுகிற நேரத்தை வளைவைப் பற்றிப் பேசலாம்.

2 இன்ச்சே போடுங்கள். இன்டர்கூலர் வாயில் 2.5-க்கு 2 நேர் ரெட்யூசர் சிலிகான் இரண்டு, த்ராட்டில் வாயை அளந்து அதற்கு ஒன்று.

டர்போமணி:

கணக்கு சரி. ஆனால் 2.5 போட்டால் லேக் (பூஸ்ட் ஏறும் தாமதம்) கூடும் என்று எல்லாரும் சொல்வதையும் சேர்த்திருக்கலாமே?

கணக்குப்பிள்ளை:

சேர்க்காததற்குக் காரணம் இருக்கிறது, அது பெரும்பாலும் கட்டுக்கதை. இரண்டரை மீட்டர் பைப் 2 இன்ச்சில் 4.5 லிட்டர் கொள்ளும், 2.5 இன்ச்சில் 7.2. கூடுதல் 2.7 லிட்டரை 0.5 பாருக்கு ஏற்ற 1.35 லிட்டர் காற்று போதும். 3000 ஆர்பிஎம்மில் இந்த எஞ்சின் நொடிக்கு 30 லிட்டருக்கு மேல் இழுக்கிறது. வித்தியாசம் 0.04 நொடி. உங்கள் லேக் டர்பைன் சைஸிலும் ட்யூனிங்கிலும் இருக்கும், பைப்பில் இல்லை.

2 இன்ச்சுக்கு நான் ஓட்டுப் போடுவது வேறு இரண்டு காரணத்துக்காக. ஒன்று, சிட்டியின் முன்பக்கம் இடமே இல்லை. இன்னொன்று, ஜாயிண்டைப் பிரித்துத் தள்ளும் விசை. 51 மி.மீ பைப்பில் 0.5 பாருக்குச் சுமார் 10 கிலோ, 63.5-ல் 16 கிலோ. ஹோஸ் கழன்று தெறிப்பது இதனால்தான்.

கியர்பாக்ஸ்_கணேஷ்:

வழியைப் பற்றி நான் சொல்கிறேன்.

முதலில் கம்ப்ரசர் ஹவுசிங்கைத் திருப்புங்கள். சுற்றியுள்ள போல்ட்டையோ சர்க்ளிப்பையோ தளர்த்தினால் ஹவுசிங் தனியாகச் சுழலும். அவுட்லெட் கீழ்நோக்கிச் சாய்வாகப் பம்பர் மூலையைப் பார்க்கட்டும். அதோடு வேஸ்ட்கேட் ஆக்சுவேட்டர் பிராக்கெட்டும் நகரும். கம்பி நேர்கோட்டில் வராவிட்டால் பிராக்கெட்டைப் புதிதாகச் செய்யுங்கள். கம்பியை வளைத்துச் சரிக்கட்டினால் பூஸ்ட் தாறுமாறாக வரும். டர்போவின் நடுப்பாகம் மட்டும் திரும்பக் கூடாது: ஆயில் ட்ரெய்ன் (ஆயில் வடிந்து இறங்கும் வாய்) நேர் கீழே பார்க்க வேண்டும். பைப்புக்கு இடம் வேண்டுமென்று அதைச் சாய்த்தால் ஆயில் தேங்கி, சீல் வழியாகக் கசிந்து புகை கக்கும்.

ஹாட் பைப்: கம்ப்ரசரிலிருந்து இறங்கி, ரேடியேட்டரின் ஓரத்தில் முன் பேனலில் துளை போட்டுப் பம்பருக்குள் போகட்டும். 60 மி.மீ ஹோல்சா போதும், விளிம்பில் ரப்பர் பீடிங் ஒட்டுங்கள். பேனல் தகட்டை வெட்டலாம். சேசிஸ் ரெயிலையும் பம்பர் பீமையும் தொடவே கூடாது, மோதலில் காப்பாற்றுவது அவை இரண்டும்தான். ரேடியேட்டருக்கு அடியில் பைப் விடுவது சுலபம் என்று தோன்றும். நம் ஊர் வேகத்தடையில் முதலில் அடிவாங்குவது அதுதான். பைப்பின் எந்தப் பகுதியும் கீழ் கிராஸ் மெம்பருக்குக் கீழே தொங்கக் கூடாது.

கூல் பைப்: இன்டர்கூலரின் மறுமுனையிலிருந்து ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஏறி, ஏர் பாக்ஸ் கழற்றியதால் கிடைத்த இடத்தைப் பயன்படுத்தி, கியர்பாக்ஸ் மேல் போய் த்ராட்டிலுக்கு. பேட்டரி குறுக்கே வந்தால் சின்ன பேட்டரி போடுங்கள் அல்லது டிக்கிக்கு மாற்றுங்கள். டிக்கிக்கு மாற்றினால் பேட்டரி டெர்மினலை ஒட்டியே ஒரு மெயின் ஃப்யூஸ் கட்டாயம்.

எஞ்சின் ஆட்டத்தை மறக்க வேண்டாம். குறுக்கு எஞ்சின் ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போதும் விடும்போதும் முன்னும் பின்னும் சாயும். இன்டர்கூலர் பாடியில், டர்போவும் த்ராட்டிலும் எஞ்சினில். ஆகவே ஹாட் பக்கம் ஒன்று, கூல் பக்கம் ஒன்று என ஹம்ப் சிலிகான் (நடுவில் புடைத்து, வளைந்து கொடுக்கும் ஹோஸ்) வேண்டும். கூல் பைப்பின் மேல்பகுதியை கியர்பாக்ஸ் போல்ட்டில் ஒரு பிராக்கெட் கொடுத்து எஞ்சினோடு கட்டுங்கள், ஹம்ப் அதற்கும் இன்டர்கூலருக்கும் நடுவில் வரட்டும். பைப்பையே பாடியிலும் எஞ்சினிலும் சேர்த்துக் கட்டினால் வெல்டிங் விரிசல் விடும். நகரும் இடங்களில் சுற்றிலும் 25 மி.மீ இடைவெளி, டர்பைன் ஹவுசிங்கிலிருந்து சிலிகானுக்கு 50 மி.மீ, நடுவில் ஒரு தகட்டு ஹீட் ஷீல்டும்.

ரேடியேட்டர் விசிறி டர்போவில் இடிக்கும். மெலிந்த 12 இன்ச் விசிறிக்கு மாற்றுங்கள், ஆனால் பின்னாலிருந்து இழுக்கும் விசிறியாகவே இருக்கட்டும். முன்னால் வைத்துத் தள்ளும் விசிறி என்றால் இன்டர்கூலருக்கு இடம் போய்விடும். இன்டர்கூலருக்கும் கண்டென்சருக்கும் 15-20 மி.மீ இடைவெளி விட்டு, ஓரங்களை ஃபோம் கொடுத்து அடையுங்கள். இல்லாவிட்டால் காற்று எளிய வழியில் சுற்றிப் போய்விடும், ஏசியும் மந்தமாகும், டெம்பரேச்சரும் ஏறும்.

டிராக் வண்டி என்று சொல்லிவிட்டீர்கள், இருந்தாலும்: ரோட்டில் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு (வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துவது) குறுக்கே நிற்கும். ட்ரெய்லரில் ஏற்றிப் போவதே நல்லது.

டிக்வெல்டர்:

எம்எஸ் வேண்டாம். வெல்டிங் செதிலும் உட்பக்கத் துருவும் உதிர்ந்து நேராக த்ராட்டிலுக்குள் போகும், தடுக்க அங்கே ஃபில்டர் கிடையாது. மெஷினில் வளைத்த சைலன்சர் பைப் வளைவில் நசுங்கி முட்டை வடிவத்துக்கு வந்துவிடும், அந்த இடத்தில் கிளாம்பும் சரியாகப் பிடிக்காது.

பால் பண்ணை வேலைக்குப் போகும் எஸ்எஸ் 304 எல்போ கேட்டுப் பாருங்கள். 50.8 மி.மீ வெளிவிட்டம், 1.6 மி.மீ தடிமன், உள்ளே பளபளப்பு. 90, 45 டிகிரி இரண்டும் ரெடிமேடாகக் கிடைக்கும். ‘மாடிஃபிகேஷன் கிட்’ என்று விற்கும் அலுமினியப் பைப்பை விட மலிவு. அலுமினியம் எடை குறைவுதான், ஆனால் ஏசி (மாறுமின்) டிக் வெல்டிங் மெஷினும் அதில் பழகிய கையும் வேண்டும். எஸ்எஸ் என்றால் சாதாரண டிசி டிக், 308எல் ஃபில்லர் கம்பி. வெல்ட் பண்ணும்போது பைப்புக்குள்ளும் ஆர்கான் விடச் சொல்லுங்கள். விடாவிட்டால் உள்பக்கம் கருகிச் சர்க்கரைக் கட்டிபோல் பொரியும், அந்தப் பொருக்கும் எஞ்சினுக்குள்தான் போகும்.

வேலை வரிசை: பம்பர், ஹெட்லைட், பீம் எல்லாம் மாட்டிய நிலையில் எல்போக்களை மாஸ்கிங் டேப்பால் ஒட்டி வழியைப் பாருங்கள். இரண்டு துண்டிலும் சேரும் இடத்தில் மார்க்கரால் குறுக்குக் கோடு இழுங்கள், கோணம் மாறாது. வண்டியிலேயே மூன்று புள்ளி டாக் (தற்காலிக வெல்ட்) மட்டும் அடியுங்கள். முழு வெல்டிங் வெளியே எடுத்துத்தான். வண்டியில் வைத்து வெல்ட் பண்ணினால் ஈசியு கனெக்டரும் பேட்டரியும் கழற்றியிருக்க வேண்டும், அப்படியிருந்தும் தீப்பொறி ஹார்னஸில் விழும்.

ஒவ்வொரு முனையிலும் பீடு (ஹோஸ் கழலாமல் தடுக்கும் மேடு) கட்டாயம். பீடு ரோலர் இல்லாத பட்டறையில் முனையிலிருந்து 5 மி.மீ தள்ளிச் சுற்றிலும் ஒரு வெல்டிங் கோடு ஓட்டி, கூர்மையைத் தேய்த்துவிட்டால் போதும். கிளாம்ப் பீடுக்குப் பின்னால் உட்கார வேண்டும், பீடின் மேல் அல்ல. சிலிகானுக்குள் இரண்டு பைப் முனைகளுக்கும் இடையே 10 மி.மீ இடைவெளி போதும். மூன்று நான்கு சென்டிமீட்டர் விட்டால் ஹோஸ் பலூன்போல் ஊதும்.

கிளாம்ப் டி-போல்ட் வகை. 51 மி.மீ பைப்பும் நாலு அடுக்கு சிலிகானும் சேர்ந்தால் வெளிவிட்டம் 60-61 வரும், 59-67 சைஸ் பொருந்தும். துளை வெட்டிய சாதாரண ஸ்க்ரூ கிளாம்ப் சிலிகானை அறுத்துவிடும்.

கொங்குவிடெக்:

அண்ணா எல்லாருக்கும் நன்றிங்க. 2 இன்ச், பால் பண்ணை எல்போ என்று முடிவு. ப்ளோ ஆஃப் வால்வும் (த்ராட்டில் மூடியதும் பூஸ்டைத் திறந்துவிடுவது) ஏர் டெம்பரேச்சர் சென்சாரும் எங்கே வைப்பது? மாட்டிய பிறகு லீக் பார்ப்பது எப்படி?

டர்போமணி:

ப்ளோ ஆஃப் வால்வு கூல் பைப்பில், த்ராட்டிலுக்குப் பக்கத்தில். மேப் சென்சார் ட்யூன் என்பதால் வெளியே விட்டாலும் கலவை கெடாது. ஏர் ஃப்ளோ மீட்டர் வண்டி என்றால் அளந்த காற்றை வெளியே விட்டதும் ரிச் ஆகி ஆஃப் ஆகும், அதில் திருப்பி இன்டேக்குக்கே விட வேண்டும். வால்வின் சிக்னல் ஹோஸ் த்ராட்டிலுக்குப் பிறகு மேனிஃபோல்டிலிருந்து, தனி ஹோஸாக. மேப் சென்சார் ஹோஸில் டி போட்டு எடுக்காதீர்கள்.

ஏர் டெம்பரேச்சர் சென்சாருக்குக் கூல் பைப்பில், இன்டர்கூலர் தாண்டி ஒரு பங் (சென்சாரைத் திருகும் மரை வளையம்) வெல்ட் பண்ணுங்கள். கம்பெனி சென்சார் மேனிஃபோல்டில் இருந்தால் அது உலோகத்தின் சூட்டைத்தான் சொல்லும், காற்றின் சூட்டை அல்ல. இக்னிஷன் குறைப்பதெல்லாம் அந்த எண்ணை நம்பித்தான்.

லீக் டெஸ்ட்: 63 மி.மீ பிவிசி பைப் ஒரு சாண், ஒரு எண்ட் கேப், பஞ்சர் கடையில் ஒரு டியூப்லெஸ் வால்வு. கேப்பில் துளை போட்டு வால்வை மாட்டி, டர்போ இன்லெட்டில் இருக்கும் சிலிகானில் பிவிசியைச் செருகி கிளாம்ப் போடுங்கள். அந்த இன்லெட் பைப்பில் சேரும் ப்ரீதர் (எஞ்சினுக்குள்ளிருந்து ஆவி வெளியேறும் ஹோஸ்) வாயை அடையுங்கள். ஆயில் மூடியைத் திறந்து வையுங்கள். கிராங்க்கேஸில் பிரஷர் ஏறினால் ஆயில் சீல் போகும். சைக்கிள் பம்பாலேயே 0.7 பார் ஏற்றிச் சோப்புத் தண்ணி தெளியுங்கள். எஞ்சின் எந்த நிலையில் நிற்கிறதோ அதைப் பொறுத்து ஆயில் மூடியிலோ சைலன்சரிலோ மெல்லிய ‘உஸ்’ கேட்கும், அது லீக் அல்ல. பிசிவி (கிராங்க்கேஸ் ஆவியை மேனிஃபோல்டுக்கு விடும் வால்வு) வழியாகப் பலமாக ஊதினால் மட்டும் அங்கே ஒன்-வே வால்வு சேருங்கள். பெட்ரோல் ஆவி வரும் கேனிஸ்டர் பர்ஜ் ஹோஸுக்கும் அதேதான்.

கொங்குவிடெக்:

டெஸ்டில் பிடித்து, ஓடும்போது ஹோஸ் கழன்றால்?

டிக்வெல்டர்:

பெரும்பாலும் ஆயில்தான் காரணம். ப்ரீதரிலிருந்து வரும் ஆயில் படலம் ஹோஸுக்குள் வழுக்கும், நாளடைவில் சிலிகானையும் ஊறவைக்கும். கேட்ச் கேன் (அந்த ஆயிலைப் பிடித்து வைக்கும் டப்பா) போடுங்கள். மாட்டுமுன் பைப் முனையையும் ஹோஸின் உட்புறத்தையும் ப்ரேக் க்ளீனரால் துடைத்து, ஹேர் ஸ்ப்ரே லேசாக அடித்து ஈரம் காயும்முன் செருகினால் நன்றாகப் பிடிக்கும். கிரீஸோ சோப்போ தடவாதீர்கள். முதல் சூடு ஏறி ஆறியதும் எல்லா கிளாம்பையும் ஒருமுறை இறுக்குங்கள், புது சிலிகான் கொஞ்சம் அமுங்கியிருக்கும். பட்டையின் ஓரத்தில் சிலிகான் பிதுங்கினால் அதிகம் இறுக்கிவிட்டீர்கள்.