புதுப்பிப்பு: ஒன்றரை வயதுக் குழந்தையோடு செல்லச் சொகுசுக் கப்பல்

ஒன்றரை வயதிலும் நான்கு வயதிலும் குழந்தைகள் உள்ள எங்களுக்கு எந்தச் சொகுசுக் கப்பல் பொருந்தும் என்று கேட்டிருந்தேன்; பதிலளித்த அனைவருக்கும் நன்றி. கப்பலின் அளவை விட்டுவிட்டுச் சிறுவர் மன்றத்தின் (பெற்றோர் உடனில்லாமல் பிள்ளைகளை விளையாட விட்டுச் செல்லும் இடம்) வயது வரம்பைப் பார்க்கச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. பல நிறுவனங்கள் 3 வயது நிறைந்து, டயப்பரை விட்ட பிள்ளைகளையே அங்கு சேர்த்துக்கொள்வதால், டிஸ்னி, ராயல் கரீபியன் ஆகிய நிறுவனங்களின் கப்பல்கள் பலவற்றில் இருப்பதுபோல 6 மாதக் குழந்தை முதல் பார்த்துக்கொள்ளும் கட்டணக் காப்பகம் உள்ள கப்பலாகத் தேடிப் பதிவு செய்தோம். நடுப்பகுதியின் கீழ்த்தளத்தில் அறை எடுத்ததால் கப்பலின் ஆட்டமும் அவ்வளவாகத் தெரியவில்லை. எதிர்பாராதது நீச்சல் குளம்தான்: நீச்சல் டயப்பர் அணிந்திருந்தாலும் சின்னவனைப் பொதுக் குளத்தில் இறக்க அனுமதியில்லை, கைக்குழந்தைகளுக்கெனத் தனியாக உள்ள நீர்த்தெளிப்புப் பகுதியில் மட்டுமே விளையாடலாம். இவ்விதி பல கப்பல்களில் உண்டு. அப்பகுதியோ எல்லாக் கப்பல்களிலும் இருப்பதில்லை. ஆகவே, முன்பதிவுக்கு முன்பே கப்பலின் பெயரைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.