கைவினை மரச்சாமான் கண்காட்சி: எதை உற்றுப் பார்க்க வேண்டும்?

கேள்வி:
வட்டாரத் தச்சர்கள் கையால் செய்த நாற்காலி, மேசை, அலமாரிகளை அருங்காட்சியகம் ஒன்றில் பார்க்கப் போகிறேன். தொடவோ உட்காரவோ அனுமதி இல்லாத நிலையில், வேலை தரமானதா என்பதைக் கண்ணால் மட்டும் எவ்வாறு அறிவது?

பதில் 1:
முதலில் மூலைகளைப் பாருங்கள். இழுப்பறையின் முன்பலகையும் பக்கப்பலகையும் சேருமிடத்தில், புறாவின் வால்போல விரியும் பற்கள் ஒன்றையொன்று கவ்வி நிற்கும். இழுக்கும் விசையில் முன்பலகை பெயர்ந்துவிடாமல் காப்பது அந்த விரிந்த வடிவமே. பற்கள் சற்றே சமமின்றியும், அளவுக்காகக் கீறிய மெல்லிய கோடு அழியாமலும் இருந்தால் அது பெரும்பாலும் கைவேலைதான். அதைக் குறையென்று எண்ண வேண்டாம்.

பதில் 2:
முன்னவர் சொன்னது சரி. ஆயினும் என் கண் மேசையின் அடிப்பக்கத்துக்கே போகும். மரம் ஈரப்பதத்துக்கேற்ப இழையின் குறுக்கே விரிந்து சுருங்கும். நீளவாக்கில் மிகச் சிறிதே மாறும். ஆகவே அகலமான பலகையைச் சட்டத்தோடு அசையாதபடி ஒட்டிவிட்டால் அது வெடிக்கக்கூடும் என்பதை அறிந்த தச்சர், நீள்துளையில் திருகாணி பொருத்தி, பலகை நகர இடம் விட்டிருப்பார். அமெரிக்க மரச்சாமான் கலைஞர் ஜார்ஜ் நகாஷிமா (1905–1990) வெடிப்பை மறைக்காமல், அதன் குறுக்கே பட்டாம்பூச்சி வடிவக் கட்டையைப் பதித்து, அதையே அழகாக்கினார்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அடிப்பக்கத்தைப் பார்க்கக் குனிந்தால் காவலர் அதட்ட மாட்டாரா?

பதில் 2:
தடுப்புக் கயிற்றுக்கு வெளியே நின்று குனிந்தால் பெரும்பாலும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.