பனிஷர்: நாயகனா, எதிர்நாயகனா?
நண்பர்களே, மார்வெல் காமிக்ஸின் பனிஷரை எந்தப் பக்கம் சேர்ப்பது? 1974இல் ஸ்பைடர்மேன் இதழில், ஸ்பைடர்மேனைக் கொல்லத் துரத்துபவராகத்தான் பனிஷர் என்கிற ஃபிராங்க் காசில் அறிமுகமானார். மனைவி மக்களைக் குண்டர்களின் தோட்டாக்களுக்குப் பறிகொடுத்தவர் என்று படிக்கும்போது மனம் இளகிவிடுகிறது. ஆனாலும் குற்றவாளிகளை அவர் விசாரணையே இல்லாமல் சுட்டுத் தள்ளுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

2019இல் வந்த ஒரு கதையில், தன் மண்டையோட்டுச் சின்னத்தைக் காரில் ஒட்டியிருந்த போலீசாரின் கண்ணெதிரே அதைக் கிழித்துப் போடுகிறார். முன்மாதிரி வேண்டுமென்றால் கேப்டன் அமெரிக்காவைப் பாருங்கள் என்கிறார்! தன்னைப் பின்பற்ற வேண்டாம் என்பவர் எதிர்நாயகன்தானே? என் தம்பி ஒப்புக்கொள்ளவே மாட்டேன் என்கிறான். அவனுக்கு அவர் நாயகனேதான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? இதைத் தெளிவாக்கும் கதைகள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.