காது வெட்டின நாய்க்கு ஊசி போட்டாச்சுன்னு அர்த்தமா?

வேளச்சேரிக்காரன்:
நேத்து சாயங்காலம் டியூஷன் விட்டு வந்த என் பொண்ணோட கெண்டைக்காலைக் கடிச்சுடுச்சு. தெருமுனைல படுத்திருக்குமே, அந்தக் கறுப்பு நாய்தான். எங்கம்மா பதட்டத்துல சுண்ணாம்பை அப்பிட்டாங்க. ராத்திரியே ஊசிக்கு ஓடினோம், இன்னும் மூணு தடவை போகணும். சோறு போடுறவங்க யாராவது கூட வந்து வரிசைல நிக்கிறீங்களா? தெருநாய் அத்தனையையும் பிடிச்சு ஊருக்கு வெளியே விடணும்.

மீனா_6வது_தெரு:
குழந்தை இப்ப எப்படி இருக்கா சார்? பயப்படாதீங்க, அதுக்குக் காதுல வெட்டு இருக்கு. கருத்தடை பண்ணி ஊசியும் போட்டு விட்டதுதான்.

வேளச்சேரிக்காரன்:
பயப்படாதீங்கன்னு எந்த டாக்டர் சொன்னார்?

பழைய_கால்நடை_ஆய்வாளர்:
மீனாம்மா, அந்த வெட்டு கருத்தடைக்கு அடையாளம். அன்னிக்கு ஊசியும் போட்டிருப்பாங்க, ஆனா அது எந்த வருஷம்? ரேபிஸ் ஊசி வருஷா வருஷம் போடணும். காதைப் பார்த்துட்டு யாரும் ஆஸ்பத்திரி போகாம இருந்துடக் கூடாது.

தம்பி, சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காபித்தூள் எதுவும் கூடாது. குழாயைத் திறந்துவிட்டு சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவணும். ரத்தம் வந்த கடின்னா காயத்துலயே இம்யூனோகுளோபுலின், அதான் கிருமியை உடனே எதிர்க்கிற மருந்து, போட்டாங்களா? தொப்புளைச் சுத்தி 14 ஊசிங்கிற பழைய பயத்துல இன்னும் சிலபேர் போறதே இல்ல. இப்ப கைலதான் போடுறாங்க. முதல் ஊசி போட்ட நாளை 0ன்னு வெச்சு 3, 7, 28வது நாள்னு தவறாம போங்க. அறிகுறி வந்துட்டா அப்புறம் காப்பாத்த மருந்தில்ல.

வேளச்சேரிக்காரன்:
போட்டாங்க ஐயா, அலறிட்டா. சரி, நாய்க்கு ஊசி போட்டா ரேபிஸ் நிக்கும். கடி நிக்குமா?

பழைய_கால்நடை_ஆய்வாளர்:
நிக்காது. ஆனா பிடிச்சு ஒழிக்கிறதையும் நம்ம ஊரு பார்த்தாச்சே. கார்ப்பரேஷன் நாய் வண்டி ஞாபகம் இருக்கா? 1996 வரைக்கும் கொன்னாங்க. நாய் ஒழிஞ்சுதா? இந்தோனேசியாவுல ஃப்ளோரஸ் தீவுக்குள்ள 1997ல ரேபிஸ் வந்தப்ப ஊர் ஊரா நாயைக் கொன்னாங்க, நோய் அங்கேயே தங்கிடுச்சு. கோவாவுல வலை வீசிப் பிடிச்சு, தெருவுலயே ஊசி போட்டு, அங்கேயே விட்டாங்க. பத்துல ஏழு நாய்க்கு ஊசி இருந்தா நோய் பரவ வழியில்ல. 2018லேர்ந்து சில வருஷம் அங்க மனுஷ சாவே இல்ல.

பாலு_நங்கநல்லூர்:
கோவா கைக்குட்டை அளவு ஊரு. சென்னைல 2024 கணக்குல 1.8 லட்சம் நாய். வருஷா வருஷம் யார் பிடிப்பா? சுப்ரீம் கோர்ட்டே 2025 ஆகஸ்ட்ல டெல்லி நாயை எல்லாம் காப்பகத்துல அடைக்கச் சொல்லுச்சு.

மீனா_6வது_தெரு:
அதே மாசம் 22ம் தேதி மாத்தினதையும் படிங்க. ஊசி போட்டு அதே இடத்துல விடணும். வெறி பிடிச்சதையும் மூர்க்கமானதையும் மட்டும்தான் விடக்கூடாது.

பாலு_நங்கநல்லூர்:
கண்ட இடத்துல சோறு போடக்கூடாது, அதுக்குன்னு தனி இடம்னும் அதே உத்தரவுல இருக்கே. அதை ஏன் விட்டுட்டீங்க?

வேளச்சேரிக்காரன்:
மூர்க்கமானதை விடக்கூடாதுன்னு அவங்களே சொல்லிட்டாங்க. கறுப்பை இன்னிக்கே தூக்கச் சொல்றேன்.

பழைய_கால்நடை_ஆய்வாளர்:
பொறுங்க. கடிச்ச நாயை 10 நாள் கண்ணுல வெச்சிருக்கணும். அதுவரை திடமா இருந்தா, கடிச்சப்ப எச்சில்ல ரேபிஸ் இல்லேன்னு தெரிஞ்சுடும். எங்கேயோ கொண்டு விட்டுட்டா யாரைப் பார்ப்பீங்க? அதுக்காகப் பொண்ணோட ஊசிய நிறுத்திடாதீங்க.

வேளச்சேரிக்காரன்:
10 நாள் யார் பார்ப்பா?

மீனா_6வது_தெரு:
நான். தினம் காலைல ஆறு மணிக்குப் பால்சோத்துக்கு வரும். தினம் ஒரு போட்டோ இங்க போடுறேன்.

வேளச்சேரிக்காரன்:
போடுங்க. பதினோராம் நாள் பேசுறேன்.